நடுப்பகலில் கண் சொக்குவது ஏன்? உடலின் கடிகாரமும் குட்டித் தூக்கமும்

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ மதியம் இரண்டு மணிக்குக் கரைப் பக்கம் போனால், ஓலைப் பந்தலுக்குள் வலை விரிந்து கிடக்கும். அந்த வலையின் மேலேயே ஒருவர் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார். "சாப்பிட்ட அசதி" என்று சொல்லிவிட்டு நாம் கடந்து போவோம். உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்று பழமொழியும் இருக்கிறது. ஆனால் அன்று மதியம் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் இருந்து பாருங்கள், அதே நேரத்தில் அதே சொக்கு வரும். சோறு அதைக் கூட்டும், அவ்வளவுதான். மூலகாரணம் தட்டில் இல்லை, மூளையில் இருக்கிறது.

இந்தக் கரையில் வேலை நேரத்தைக் கடலும் காற்றும் நிலவும் முடிவு செய்கின்றன. உடம்போ சூரியனுக்குக் கட்டுப்பட்டது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் வலை இழுக்கும் வின்ச்சில் விரல் மாட்டுகிறது, பைக் சாலையை விட்டு இறங்குகிறது. உடம்பின் கணக்கைத் தெரிந்துகொண்டால் பத்து இருபது நிமிட ஓய்வைச் சரியான இடத்தில் வைக்கலாம்.

தலைமைக் கடிகாரம்

இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் மூளையின் அடியில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. அந்த இடத்துக்குச் சற்று மேலே அரிசியைவிடச் சிறிதாக இரண்டு நரம்புத் திரள்கள் உள்ளன. இரண்டிலும் சேர்த்துச் சுமார் 20,000 நரம்பணுக்கள். உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். உடல் சூடு எப்போது ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும், தூக்கத்துக்குத் தயார்ப்படுத்தும் மெலட்டோனின் எப்போது சுரக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கிருந்து வரும் உத்தரவு. கல்லீரலுக்கும் குடலுக்கும் தசைக்கும் சொந்தக் கடிகாரங்கள் உண்டு. அவை தலைமைக் கடிகாரத்தைப் பார்த்துத் தங்கள் நேரத்தைத் திருத்திக்கொள்ளும்.

இது வெளிச்சத்தைப் பார்த்து மட்டும் நடக்கும் வேலை இல்லை என்பதை முதலில் காட்டியது ஒரு செடி. 1729-இல் தெ மேரான் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் தொட்டாற்சுருங்கியை இருட்டுக்குள் வைத்தார். வெயிலே படாமல் இருந்தும் அதன் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் மூடின. உயிரணுவுக்குள் இந்தக் கடிகாரத்தை ஓட்டும் மரபணுக்களை விளக்கியதற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நமக்குப் பக்கத்திலேயே, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் இத்துறையை இந்தியாவில் வேரூன்ற வைத்தார். அவருடைய தொடக்க கால ஆய்வுகளில் ஒன்று நம் கரைக்கு நெருக்கமானது. அலை மோதும் மணலில் புதைந்து வாழும் சிறு நண்டினத்தைக் கடலிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வைத்தார். அலையே இல்லாத அந்த இடத்திலும் நண்டின் அசைவு, கடல் ஏறும் வற்றும் கணக்கை ஒட்டியே கூடிக் குறைந்தது. நண்டுக்குள் கடலின் கடிகாரம் இருக்கிறது.

மனிதனுக்குள் அது இல்லை. நிலவின் நாள் 24 மணி 50 நிமிடம். அதனால்தான் நீர் வற்றும் நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் பின்னால் போகிறது. நம் உடலின் கடிகாரத்தை வெளிச்சமும் மணியும் தெரியாத அறையில் தனியே ஓடவிட்டால் சராசரியாக 24 மணி 10 நிமிடத்தை ஒட்டி ஓடும். அந்தப் பத்து நிமிடத்தைத் தினமும் காலை வெளிச்சம் சரிசெய்கிறது. கடலோடு பிறந்து வளர்ந்தவர் என்றாலும் உடம்பு வற்றத்துக்குப் பழகாது.

ராமேசுவரத்தில் உச்சிப்பொழுது கைக்கடிகாரத்தின் 12 மணிக்கு வருவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையில் கணக்கிடப்படுகிறது. நாம் 79.3 பாகையில் இருக்கிறோம். பாகைக்கு 4 நிமிடம் என்று வைத்தால் சூரியன் நம் தலைக்கு நேராக வர ஆண்டுச் சராசரியில் 12.13 ஆகிவிடும். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். ஆண்டு முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் விடிந்து ஒரே நேரத்தில் இருட்டும் இந்த ஊர், உடல் கடிகாரத்துக்கு நல்ல ஊர்.

இரண்டு பள்ளங்கள், ஒரு மேடு

தூக்கத்தை இரண்டு சக்திகள் இழுக்கின்றன. ஒன்று கடன். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரும். சேரச் சேர அசதி கூடும், தூங்கினால் கரையும். டீயும் காப்பியும் செய்வது அந்த அடினோசின் உட்காரும் இடத்தை மறிப்பது மட்டும்தான். கடன் அப்படியே இருக்கும். மற்றொன்று கடிகாரம். அது பகலில் "விழித்திரு" என்று தள்ளும், இரவில் அந்தத் தள்ளுதலை நிறுத்தும்.

காலையில் கடன் குறைவு. முற்பகலில் கடிகாரம் கைகொடுக்கிறது. மதியம் 1 முதல் 3 மணி வாக்கில் கடன் நிறையச் சேர்ந்திருக்கும், கடிகாரத்தின் தள்ளுதல் இன்னும் முழு வேகம் எடுத்திருக்காது. அந்த இடைவெளிதான் நடுப்பகல் சொக்கு. அதைவிட ஆழமான பள்ளம் விடியற்காலை 3 முதல் 5 மணி வரை. உடல் சூடு ஒரு நாளில் அடிமட்டத்துக்கு இறங்குவது அப்போதுதான்.

இடையில் ஒரு மேடு உண்டு, அதைப் பலரும் அறிவதில்லை. வழக்கமாகத் தூங்கப் போவதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் கடிகாரம் மிக உரக்க "விழித்திரு" என்று சொல்லும். 10 மணிக்குப் படுப்பவருக்கு இரவு 7 முதல் 9 வரை அந்த நேரம். விடியலுக்கு முன் வள்ளம் இறக்க வேண்டும், சீக்கிரம் படுத்துவிடலாம் என்று 7.30-க்கு விளக்கணைத்தவர் புரண்டு புரண்டு படுப்பது இதனால்தான். தூக்கம் வராததைக் குறையென்று நினைத்து மாத்திரை தேடுவதும், ஒரு குவார்ட்டர் போட்டால் வரும் என்று நம்புவதும் பெரிய தப்பு. குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், ஆனால் பின்பாதி இரவு உடைந்து போகும். எழும்பும் நேரத்தில் கையும் கண்ணும் சரியாக இருக்காது. அந்த நாளில் மதியப் பள்ளத்திலேயே ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட வேண்டும். அதற்குத்தான் பள்ளம் இருக்கிறது.

உங்கள் பள்ளம் எப்போது வரும் என்று கணக்குப் போடலாம். படுத்த நேரத்துக்கும் எழுந்த நேரத்துக்கும் நடுப்புள்ளியை எடுங்கள். அதோடு 12 மணி நேரம் கூட்டுங்கள். இரவு 10-க்குப் படுத்து 5-க்கு எழுந்தால் நடுப்புள்ளி 1.30, பள்ளம் மதியம் 1.30. உப்பள வேலைக்காக 8-க்குப் படுத்து 3-க்கு எழும்பும் வழக்கம் உள்ளவருக்கு நடுப்புள்ளி 11.30, பள்ளம் முற்பகல் 11.30. வாலிநோக்கம் பக்கம் உப்பு வாருபவர்கள் 11 மணிக்கே ஓய்ந்துபோவதைச் சோம்பல் என்று மேஸ்திரி திட்டக்கூடாது. அவர்களுக்கு அது மதியம் இரண்டு மணி. இது தோராயக் கணக்கு, அரை மணி முன்பின் போகும்.

ஒன்றரை மணி நேர அலை

தூக்கத்துக்குள் லேசான நிலை, ஆழ்ந்த நிலை, கனவு நிலை என்று ஒரு சுற்று உண்டு. சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை அது திரும்பும். நத்தானியேல் க்ளைட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர், இதே சுற்று விழித்திருக்கும்போதும் தொடர்கிறது என்ற கருத்தை 1960-களில் முன்வைத்தார். ஒன்றரை மணி நேரம் வேலை நன்றாக ஓடும், பிறகு கொஞ்சம் தொய்யும், மறுபடி ஏறும் என்பது அதன் சாரம். தூக்கத்தில் இந்தச் சுற்று தெளிவாகத் தெரிகிறது, விழிப்பில் அவ்வளவு தெளிவில்லை. ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை மாறும். ஆகவே அலாரம் வைத்து 90 நிமிடம் எண்ண வேண்டாம். உடம்பு காட்டும் அறிகுறியைப் பார்த்தால் போதும்.

வலை பழுது பார்க்கும் இடத்தில் அதைக் கண்ணால் காணலாம். முதல் ஒரு மணி நேரம் வலை ஊசி ஒரே தாளத்தில் போய்வரும். கண்ணிகள் எல்லாம் ஒரே அளவில் விழும், முடிச்சு ஒரே இழுப்பில் இறுகும். பிறகு ஒரு கண்ணி சற்றுப் பெரிதாகும். பிரித்து மறுபடி போடுவார். அடுத்த பத்து நிமிடத்தில் இன்னொன்று. நூலை இழுக்கும் கையில் வேகம் கூடும், ஏனென்றால் மனசுக்குள் எரிச்சல் வந்துவிட்டது. கொட்டாவியைவிட நம்பகமான அறிகுறி இந்த எரிச்சல்தான். இரண்டாவது முறை பிரிக்கும்போதே ஊசியைக் கீழே வைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் ஓய்வு பத்து நிமிடத்தில் முடியும். பிடிவாதமாக இன்னும் ஒரு மணி நேரம் இழுத்தால் அன்று போட்டதில் பாதியை மறுநாள் பிரிக்க வேண்டிவரும்.

எவ்வளவு நேரம், எப்படி

இரண்டு நிமிட ஓய்வு தசைக்கும் கண்ணுக்கும். குனிந்து மீன் தரம் பிரிப்பவர்கள் அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, இரண்டு கையையும் இடுப்பின் பின்னால் வைத்து மெதுவாக ஐந்து முறை பின்னால் வளைய வேண்டும். திரையைப் பார்த்து வேலை செய்பவர்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 6 மீட்டருக்கு அப்பால் உள்ள ஒன்றை 20 விநாடி பார்த்துக் கண்ணை நன்றாகச் சிமிட்ட வேண்டும். கடை வாசலில் நின்று தெருமுனையைப் பார்த்தால் போதும்.

பத்து நிமிட ஓய்வு மனசுக்கு. வேலை இடத்தைவிட்டு எழுந்து நிழலுக்குப் போவது, தண்ணீர் குடிப்பது, காலை நீட்டுவது. ஃபோனை எடுத்து வீடியோ பார்ப்பதை ஓய்வுக் கணக்கில் சேர்க்காதீர்கள். கண்ணும் கவனமும் அப்போதும் வேலைதான் செய்கின்றன.

அடுத்தது குட்டித் தூக்கம். இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. படுத்தவுடன் வருவது லேசான தூக்கம். ஏறத்தாழ அரை மணி கடந்தால் ஆழ்ந்த தூக்கம் தொடங்கும். அதன் நடுவே எழுப்பினால் தலை கனக்கும், நாக்கு தடிக்கும், எந்த ஊரில் இருக்கிறோம் என்றே ஒரு கணம் தெரியாது. "மதியம் தூங்கினால் எனக்கு ஒத்துக்காது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் 45 நிமிடம், ஒரு மணி நேரம் தூங்கி இந்த இடத்தில் எழுந்தவர்கள். ஆகவே 20 நிமிடத்தில் எழுந்துவிடுங்கள், அல்லது சுற்றை முழுசாக முடித்து 90 நிமிடத்தில் எழுங்கள். நம் பழைய அளவில் ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். படுத்துக் கண் மூட நாலைந்து நிமிடம், தூக்கம் இருபது, ஆக ஒரு நாழிகை சரியாகப் பொருந்துகிறது. நீண்ட தூர விமானிகளை வைத்து நாசா செய்த ஆய்வில் 40 நிமிட ஓய்வு ஒதுக்கினார்கள். அவர்கள் சராசரியாகத் தூங்கியது 26 நிமிடம். அதற்கே விழிப்பும் கைத்திறனும் கணிசமாக மேம்பட்டன.

மூன்று மணிக்குள் இந்தத் தூக்கத்தை முடித்துவிட வேண்டும். நாலரை மணிக்குத் தூங்கினால் கடன் கரைந்துபோய் இரவுத் தூக்கம் தள்ளிப்போகும். வயிறு முட்டச் சாப்பிட்டவுடன் மல்லாந்து படுத்தால் நெஞ்சு கரிக்கும். பாதி வயிற்றுக்குச் சாப்பிட்டு, தலையைச் சற்று உயர்த்தி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். முகத்தின் மேல் ஈரிழைத் துண்டு. அலாரம் கைக்கு எட்டாத தூரத்தில். தூக்கமே வராவிட்டாலும் கண்ணை மூடிக் கிடப்பது வீணில்லை. டீ குடிக்கும் பழக்கமுள்ளவர் படுப்பதற்குச் சற்று முன் குடிக்கலாம். காஃபீன் வேலை செய்யத் தொடங்க 20 நிமிடத்துக்கு மேல் ஆகும், எழும்பும் நேரத்தில் அது கைகொடுக்கும். ஆனால் குடித்த காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். ஆகவே மாலை டீயை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது.

எழுந்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் ஆபத்தான எதையும் தொடக்கூடாது. முகம் கழுவி, வெளிச்சத்துக்கு வந்து, நாலடி நடந்த பிறகுதான் வின்ச், பனையேற்றம், பைக் எல்லாம்.

கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கத்து வீடுகளில் கைலூலா என்ற பெயரில் இந்த நடுப்பகல் ஓய்வு மார்க்க வழக்கமாகவே இருக்கிறது. நோன்பு மாதத்தில் விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கு எழும்புவதால் இரவுத் தூக்கம் உடையும், அப்போது அது இன்னும் அவசியம்.

கடலில் இரவு

காலை கிளம்பி மறுநாள் காலை கரை திரும்பும் விசைப்படகை எடுத்துக்கொள்வோம். கிளம்பும் நாளில் 5 மணிக்கு எழுந்த டிரைவருக்கு இரவு 10 மணியோடு 17 மணி நேர விழிப்பு முடிகிறது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் அளவுக்குக் குறைவதாக 1997-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.03. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத மனிதர், இரவு பத்து மணிக்குச் சுக்கானைப் பிடிக்கும்போது அந்த நிலையில் இருக்கிறார். விடியற்காலைப் பள்ளம் இன்னும் வரவே இல்லை.

ஆகவே வலை கடலில் இழுபடும் நேரத்தை முறைவைத்துப் பங்கிட வேண்டும். ஒருவருக்கு இரண்டு மணி நேரம் என்றால் படுக்க 10 நிமிடம், தூங்க 90, எழுந்து தெளிய 15, ஐந்து நிமிடம் கைமாற்ற. சரியாக வரும். 3 முதல் 5 வரையிலான முறையை, முன்னிரவில் ஒரு சுற்றுத் தூங்கி எழுந்தவருக்குக் கொடுங்கள். அனுபவசாலி என்பதற்காக விழித்தே இருந்தவரை அந்த நேரத்தில் நிறுத்துவது சரியான ஏற்பாடு இல்லை. பள்ளம் அனுபவத்தைப் பார்ப்பதில்லை. எந்த இரண்டு மணி நேரத்திலும் இருவராவது விழித்திருக்க வேண்டும், வலை ஏற்றும்போது எல்லோரும் முழுத் தெளிவில் இருக்க வேண்டும்.

திறந்த கண்ணோடு நாலைந்து விநாடி மூளை தூங்கிவிடும் நொடித்தூக்கம் உண்டு. தூங்கியவருக்கே அது தெரியாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பாம்பன் சாலைப் பாலத்தில் பைக்கில் போகிறவர், 4 விநாடியில் 55 மீட்டர் கடந்துவிடுவார். கரையில் இறங்கியவுடன் வண்டியை எடுத்து ஊருக்குக் கிளம்பும் இளைஞர்களிடம் கெஞ்சிக் கேட்க வேண்டிய விஷயம் இது: இருபது நிமிடம் படகிலேயோ ஏலக்கூடத்திலேயோ படுத்துவிட்டுப் போ தம்பி. வீட்டுக்குப் போகும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள், காலை வெயில் கண்ணில் பட்டால் கடிகாரம் "விடிந்துவிட்டது" என்று எழுந்துகொள்ளும். வீட்டில் சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டு. அப்படியும் பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிடக் குறைவாகத்தான் வரும். மிச்சத்தை மதியம் இன்னொரு தவணையாகத் தூங்கலாம், தப்பில்லை.

வெயிலும் பாசியும்

அசதியும் வெயில் பாதிப்பும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தே ஓடும், உடம்பு குளிராது. வெயிலில் வேலை செய்யும்போது 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி தண்ணீர் குடிக்க வேண்டும். மணிக்கு 1.4 லிட்டரைத் தாண்ட வேண்டாம், உப்புச் சத்து நீர்த்துப்போகும். உப்புப் போட்ட நீராகாரம் நல்ல துணை. பேச்சு குழறினால், நடை தள்ளாடினால் அது தூக்கக் கலக்கம் இல்லை. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே 108-ஐ அழைக்க வேண்டும். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை எடுக்க மூழ்கும் பெண்களுக்கு இந்த எல்லாக் கணக்கும் ஒரே நாளில் வந்து சேர்கிறது. நீர் வற்றும் நேரத்தைப் பார்த்துத்தான் போக முடியும், அதுவோ நாளுக்கு நாள் நகரும். மூச்சடக்கி மூழ்குவதும் விரலில் துணி சுற்றிப் பாறையில் பாசி பறிப்பதும் உடம்பை உறிஞ்சும். ஒவ்வொரு அரை மணிக்கும் ஐந்து நிமிடம் தண்ணீரைவிட்டு வெளியே வந்து, மூச்சு சாதாரணமான பிறகுதான் மறுபடி இறங்க வேண்டும். மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டால் அதிக நேரம் தாங்கலாம் என்பது ஆபத்தான நம்பிக்கை. அப்படிச் செய்தால் மூச்சு முட்டும் உணர்வே தாமதமாக வரும், அதற்குள் நினைவு தப்பிவிடும்.

கரையேறியதும் அவர்களுக்கு அடுப்படி காத்திருக்கிறது. ஆண் கடலிலிருந்து வந்தால் படுக்கிறார், பெண் கடலிலிருந்து வந்தால் உலை வைக்கிறார். வீட்டில் முதலில் எழுந்து கடைசியில் படுக்கும் ஆளுக்குத்தான் கடன் அதிகம். மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்த ஒரு நாழிகையை யாரும் கதவு தட்டாமல் அவருக்கு விட்டுக்கொடுப்பது, பாத்திரத்தை மற்றவர்கள் எடுத்துக் கழுவுவது. மாத்திரை மருந்து எதுவும் இதற்கு ஈடாகாது.

இரவு ஏழெட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கியும் பகலில் தினமும் கண் சொருகினால், குறட்டை நடுவே மூச்சு நின்று திணறி எழுந்தால், அல்லது தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்து அசதி இருந்தால், குட்டித் தூக்கத்தால் அதைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். மூச்சடைப்போடு கூடிய தூக்கக் கோளாறு, ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை இவற்றில் ஒன்றாக இருக்கலாம். மருத்துவரிடம் போங்கள். போகும்போது ஒரு வாரத்துக்குப் படுத்த நேரம், எழுந்த நேரம், கடலுக்குப் போன நேரம், சொக்கு வந்த நேரம் நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.